பின்னால் போன கார்

முன் கியர் போட்டால் கார் பின்னால் போயிற்று.

எந்த முன் கியரைப் போட்டாலும் அதே கதைதான். ரிவர்ஸ் போட்டால் மட்டும் முன்னால் நகர்ந்தது, அதுவும் ஆமை வேகத்தில். ஆறுச்சாமி மாதக்கணக்காய் உட்கார்ந்து தன் கையால் கட்டிய கார் அது. பழைய அம்பாசிடர் இன்ஜின், ஏலத்தில் எடுத்த ஜீப்பின் பின் அச்சு, மேலே தானே வெட்டி வளைத்த தகடு. எல்லாம் மாட்டி முடித்து, சாவியைத் திருகி, முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டார். வண்டி விருட்டென்று பின்னால் போய் வைக்கோல் போரில் செருகிக்கொண்டு நின்றது.

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் அழவா செய்வார்கள்?

சிரிக்காதவன் ஒருத்தன் இருந்தான். நாச்சிமுத்து. மயிலாத்தாளின் தம்பி. 

மயிலாத்தாள் ஆறுச்சாமியின் மனைவி. ஈரலில் புற்று. அது தெரிந்த வாரமே ஆறுச்சாமி ரோட்டோரக் கொட்டகையில் வெல்டிங் வைக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் கோயமுத்தூரில் டாக்டர்கள், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். வெல்டிங் நிற்கவில்லை.

நாலு கால் நட்டு ஓடு வேய்ந்த கொட்டகை, சுவர் கிடையாது. வீடு அதற்குப் பின்னால், தென்னந்தோப்பு தாண்டி. காரின் மூக்கு ரோட்டைப் பார்த்து இருந்தது.

பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். மயிலாத்தாளின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போகிற வழியில் கொட்டகையை எட்டிப் பார்த்து, பெண்டாட்டி கிடக்கிற கிடையில் இந்த ஆளுக்குக் கார் கேட்கிறது பார் என்றார்கள். அவர் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னார்கள். விழுந்தது. அவர் பாட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து பொறுக்கமாட்டாமல் ஆற்றங்கரை மடத்துக்குப் போனான். அங்கே இருந்த சாமியம்மாதான் ஆறுச்சாமிக்குக் குரு. அவரைவிட இருபது வயது இளையவள். இருக்கட்டுமே, வயசு பார்த்தா குரு வருவார்? மச்சான் உங்கள் பேச்சைத்தான் கேட்பார், இந்தப் பைத்தியக்காரத்தனத்தை விட்டுவிட்டு அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து தேவாரம் படிக்கச் சொல்லுங்கள் என்று முறையிட்டான். அவள் அவன் மொபெட்டில் ஏறிக்கொண்டாள்.

கொட்டகையில் ஆறுச்சாமி காரின் அடியில் கிடந்தார். வெளியே வந்து கும்பிட்டார். கை முழுக்கக் கிரீஸ்.

“நிறுத்தச் சொல்ல வந்தீங்களா, அம்மா?”

“சொன்னா நிறுத்துவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்புறம் எதுக்கு என் வாயைக் கெடுத்துக்கணும்?”

சண்டைக்குத் தயாராக நின்ற மனுஷன் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“அங்க என்னால உட்கார முடியலீங்க. அவ முகத்தைப் பார்த்தா என் கை செத்துப்போகுது. இங்க நட்டைத் திருகினா திருகுது. தப்புங்களா?”

சாமியம்மா கார்க் கதவைத் திறந்தாள். கதவு கீச்சிட்டது. ஏறி உட்கார்ந்தாள்.

“எடுங்க வண்டியை.”

“எங்கீங்க?”

“மயிலாத்தாள்கிட்ட.”

“அம்மா, இது பின்னாலதான் போகும்.”

“வீடு பின்னாலதான இருக்கு?”

ஆறுச்சாமி ஏறினார். கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு முதல் கியர் போட்டார். கார் தென்னந்தோப்புக்குள் பின்பக்கமாகவே போயிற்று. கோழிகள் சிதறின. நாச்சிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். சரியாகச் சொன்னால் காரின் மூக்குக்கு எதிரே ஓடினான். ஆரஞ்சுப் பழத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் அலறியடித்து எழுந்தார்கள். மயிலாத்தாள் படுத்திருந்த அறை ஜன்னலுக்கு நேராக வந்து வண்டி நின்றது.

மயிலாத்தாள் பார்த்தாள். முதலில் வண்டியை, அப்புறம் புருஷனை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலி பிடுங்கியது, நிறுத்தவில்லை. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே ரொம்ப நாளாயிற்று.

“கட்டிலை வெளிய போடுங்க” என்றாள்.

உறவுக்காரர்கள் கூடாது என்றார்கள். வெயில் என்றார்கள், காற்று என்றார்கள். வெயில் பட்டுச் செத்துவிடுவேனா என்று கேட்டாள்.  கட்டில் வெளியே வந்தது.

கல்லை அடுக்கிக் காரின் பின்பக்கத்தைத் தூக்கச் சொன்னாள். சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னாள். அடியில் ஓடுகிற தண்டு எந்தப் பக்கம் சுழல்கிறது என்று படுத்தபடியே பார்த்தாள். காலமெல்லாம் நூல் மில் வேலையில் நூல் சுற்றும் கதிர் சுழல்வதைப் பார்த்திருந்த கண் அது. சுழற்சி மாறினால் அதற்குப் பொறுக்காது.

“அச்சைக் கவுத்து மாட்டியிருக்கீங்க.”

“ஆமா.”

“தெரிஞ்சேவா?”

“கவுத்து மாட்டினா வண்டி உயரம் குறையும். சுழற்சி மாறிப்போகும்னு தோணல.”

“உயரம் எதுக்குக் குறையணும்?”

ஆறுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “உயரமா இருந்தா உன் காலுக்குப் படி எட்டாது.”

 மயிலாத்தாளின் குரல் காரமாகத்தான் வந்தது. “உயரமாவே இருக்கட்டும். நேரா மாட்டுங்க. என்னைத் தூக்கி உட்கார வைங்க.”

அன்றே வேலை தொடங்கியது. அச்சைக் கழற்றினார்கள், புரட்டினார்கள். கட்டிலில் கிடந்தபடி அவள் ஏவினாள், திட்டினாள். வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். உரித்து நீட்டிய ஆரஞ்சுச் சுளையை ஒதுக்கிவிட்டுத் தோலை மட்டும் வாங்கிக் கையில் தேய்த்துப் பார்த்தாள், கிரீஸ் போகிறதா என்று.

நாச்சிமுத்து சாமியம்மாவைத் தனியே கூப்பிட்டு, கடைசி நேரத்தில் அக்காள் நிம்மதியாகச் சாமி பேரைச் சொல்லவேண்டாமா என்று கேட்டான்.

“அக்கா ஸ்பேனர் கேக்கறா. எடுத்துக் குடு” என்றாள் சாமியம்மா. அப்புறம் நடந்தே மடத்துக்குப் போய்விட்டாள்.

அச்சுக்குள் எண்ணெய் தேக்கும் பின்மூடியின் போல்ட்டுகளைத் தானே இறுக்குவேன் என்று மயிலாத்தாள் ஒற்றைக் காலில் நின்றாள். கட்டிலை ஒட்டிப்போட்டு, ஒருக்களித்துப் படுத்து, ஒவ்வொன்றாக இறுக்கினாள். ஒன்று முடிந்ததும் கண்ணை மூடி மூச்சு வாங்கினாள். பிறகு அடுத்தது. யாரையும் தொடவிடவில்லை.

“நான் போனப்புறமும் யாரும் இதுல கை வைக்கக்கூடாது. சொல்லிட்டேன்.”

அவளைத் தூக்கி உட்காரவைத்தார்கள். முதல் கியர். கார் முன்னால் போயிற்று. கோயிலுக்கா என்று கேட்டார் ஆறுச்சாமி. தான் வேலை பார்த்த மில் கேட்டுக்கு என்றாள். ஷிப்டு விட்டு வெளியே வந்தவர்கள் முன்னால் நிறுத்தி, ஹாரனைத் தன் கையாலேயே அழுத்தினாள். அவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்வரை கையை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் அதிக நாள் இல்லை.

குளிப்பாட்டும்போது நகக்கண்ணில் கறுப்பாக இருக்கிறது என்று பெண்கள் சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். போகவில்லை. மண்ணெண்ணெய் கேட்டு ஒருத்தி வெளியே வந்தாள். ஆறுச்சாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“அப்படியேதான் போவா.”

அப்படியேதான் போனாள்.

அன்றிலிருந்து அவர் எதிரே யாரும் அவள் பேரை எடுக்கவில்லை. தாங்கமாட்டார் என்று நினைத்தார்கள். அவரும் எடுக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஆறுச்சாமி மடத்துக்குக் காரில் போனார். நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாமியம்மா வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கம் குனிந்தாள். மணலில் சின்னதாய் ஒரு கறுப்பு வட்டம்.

“எண்ணெய் சொட்டுதே.”

நாச்சிமுத்து முந்திக்கொண்டான். பின்மூடிப் போல்ட்டு சரியாக இறுகவில்லை, ஒரு திருகு திருகினால் நின்றுவிடும், மச்சான் பக்கத்திலேயே விடமாட்டேன் என்கிறார் என்று புகார் சொன்னான்.

“சொட்டட்டும்” என்றார் ஆறுச்சாமி. “வாரத்துக்கொரு தடவை ஊத்திக்கறேன்.”

 பிறகு, யாரோடோ வழக்காடுகிறவர் மாதிரி ஆரம்பித்தார்.

“வண்டி முடிஞ்சுபோச்சுங்க. வீட்டுக்குள்ள போனா கட்டில் கிடக்குது. கை மறுபடி செத்துப்போகுது. நான் இனி எதைத் திருகறது?”



“முன்னால போகுதா?” என்று கேட்டாள் சாமியம்மா.

“போகுது.”

“யார் சரி பண்ணினது?”

நாச்சிமுத்து வாயைத் திறந்தான். ஆறுச்சாமி கையை நீட்டி அவனை அடக்கினார். மணலில் விழுந்த சொட்டைப் பார்த்தார். அடுத்த சொட்டு விழும்வரை பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“மயிலாத்தாள்.”