நடுவில் உப்பிய போர்வை

"இந்தப் போர்வையைக் கெடுத்தது ஒருத்திதான் சாமி. அவ பேரைச் சொல்ல என் வாய் கூசுது" என்றாள் ஒச்சம்மாள்.

மேல்மலை மடத்துக் கூடத்தில் அன்று போர்வைக் கண்காட்சி. பழந்துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகள் கயிறு கயிறாகத் தொங்கின. தைத்தவர்கள் மடத்துக்கு வந்துபோகும் பெண்கள். கற்றுக்கொடுத்தவர் மடத்துத் துறவியான சாமி. ஒச்சம்மாளைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

ஒச்சம்மாள் சந்தையில் கட்பீஸ் விற்று முன்னுக்கு வந்தவள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அன்று காலையிலிருந்து ஒவ்வொரு போர்வையையும் பிள்ளை முதுகைத் தடவுகிற மாதிரித் தடவிக்கொண்டு வந்தாள். ஒருத்தி, செத்துப்போன அப்பாவின் சட்டைப் பையைப் பையாகவே வைத்துத் தைத்திருந்தாள். ஒச்சம்மாள் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவுக்குத் தருவே?"

"விக்கிறதுக்கில்லக்கா."

"விக்காத சரக்கை எதுக்குடி தொங்கவிட்டிருக்கே?"

"நீங்க அழுறதுக்குத்தான்."

சிரித்துக்கொண்டே கடைசிக் கயிற்றுக்கு வந்தவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அது அவளும் இன்னொருத்தியும் மாறி மாறித் தைத்த போர்வை. இரண்டு ஓரத்திலும் முத்து முத்தான தையல். நடுவில் மட்டும் துணி பூரி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சாமியைக் கூப்பிட்டு அப்படிச் சொன்னாள்.

"நடுவுல தொடங்கி ஓரத்துக்குப் போகணும்னு சொல்லித் தந்தேனே" என்றார் சாமி. "ஓரத்துலேர்ந்து வந்தா, தொளதொளப்பு எல்லாம் நடுவுல வந்து சேர்ந்துக்கும்."

"காலையில நான் தைக்கிறேன். சாயங்காலம் அவ வர்றா. நடுவுல உக்காந்தா அவ கை பட்ட இடத்துல என் கை படும். எனக்கென்ன தலையெழுத்தா? இந்த ஓரத்துல ஆரம்பிச்சேன்."

"அவங்க?"

"அவளும் நடுவைத் தொடல. அந்த ஓரத்துல ஆரம்பிச்சிட்டா. திமிரு."

'அவள்' என்றது கூடப்பிறந்த தங்கச்சி வெள்ளைத்தாயை. மடத்துக்கே தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைத்தாயின் புருஷன் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். ஒச்சம்மாளுக்கு முதல் கடை போட்டுக் கொடுத்த மனுஷன் அவர்தான். எழவு வீட்டில் மாரில் அடித்துக்கொண்டு அழுத ஒச்சம்மாள், தங்கச்சியைப் பார்த்து, "நீ ஒழுங்காப் பாத்திருந்தா பொழச்சிருப்பாரேடி" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு அற்றுப்போனது.

"நான் சொன்னது தப்புதான் சாமி. எனக்கே தெரியும். அதுக்காக நாலு வருஷமா? ஒரு நாள் வந்து என்னை நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கலாமே. வாசல்ல எத்தனை நாள் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன்."

சாமி உப்பிய இடத்தை உள்ளங்கையால் அமுக்கினார். அங்கே அடங்கி, பக்கத்தில் எழும்பியது.

"எந்தப் பக்கத் தையலைப் பிரிச்சா இது சரியாகும்?" என்று கேட்டாள்.

"எந்தப் பக்கம்னாலும் சரி. பிரிச்சு நீவிவிட்டா தொளதொளப்பு ஓரத்துக்குப் போயிடும். திரும்பத் தச்சுக்கலாம்."

"ரெண்டு பக்கமும் பிரிக்க வேண்டாமா?"

"வேண்டாம். ஒரு பக்கம் போதும்."

"அப்ப அவ பிரிக்கட்டும். சின்னவ அவதானே."

சாமி குனிந்து தரையைப் பார்த்தார். ஒச்சம்மாளும் பார்த்தாள்.

போர்வைக்கு அந்தப் பக்கம் இரண்டு பாதங்கள் நின்றன. மெட்டி இல்லை. இடது காலின் சுண்டுவிரல் கோணியிருந்தது. சின்ன வயதில் ஒச்சம்மாள் குழவிக்கல்லை நழுவவிட்டுக் கோணிப்போன விரல்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

சந்தையையே வாயால் ஜெயித்த ஒச்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

சாமி தையல் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். இந்தப் பக்கமும் நீட்டவில்லை, அந்தப் பக்கமும் நீட்டவில்லை. தொங்கும் போர்வைக்கு நேர் கீழே, இரண்டு பேர் காலுக்கும் நடுவில் வைத்தார்.

"கெடுத்தது ஒருத்தின்னு சொன்னீங்க. யாருன்னு நான் கேக்கலம்மா" என்றார். "அந்த ஒருத்தி இன்னைக்காவது குனிஞ்சு இதை எடுத்துச் சரி பண்ணட்டும்."