கொம்பையா கல்யாணத்துக்குக் கொடுத்த கண்காணாக் காசு

நெட்டூரணிக்காரர்களைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர், "மழை பெய்யும்போது கரண்டுக் கம்பத்தைத் தொடாதீங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மழை பெய்யாத நாளெல்லாம் ஊரே வரிசையாகப் போய்க் கம்பத்தைத் தொட்டுவிட்டு வந்தது. பெரிய மனுஷன் பேச்சுக்கு மரியாதை வேண்டாமா?

இந்த ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த பால்வண்ணம்தான் விவரமானவன் என்று பெயர். அந்தப் பெயரை அவனே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அவனுக்கு மூன்று கூட்டாளிகள். சுடலைமணி லோடு ஆட்டோ ஓட்டினான். இசக்கிராஜ் கல்யாணத்துக்கும் கோயில் கொடைவிழாவுக்கும் மைக் செட் போட்டான். மூன்றாமவன் கொம்பையா, போர்வெல் வண்டியில் வேலை. அந்தக் கொம்பையாவுக்குத்தான் கல்யாணம் கூடிவந்தது.

பால்வண்ணத்துக்குத் தூக்கம் போயிற்று. அவன் கல்யாணத்துக்குக் கொம்பையா ஓர் எருமைக் கன்றை மேடையிலேயே கொண்டுவந்து நிறுத்தியவன். அது இன்று வளர்ந்து வேளை தவறாமல் பால் கறக்கிறது. ஒவ்வொரு காப்பிக்கும் பால்வண்ணத்துக்குக் கொம்பையா முகம் ஞாபகம் வரும். அப்படிப்பட்டவனுக்குச் சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு எந்த மூஞ்சியோடு பந்தியில் உட்காருவது?

அப்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. கோட்டுப் போட்ட ஒருவர், நண்பனுக்குக் கிரிப்டோ என்னும் கம்ப்யூட்டர் காசைப் புதுமையாகப் பரிசளிப்பது எப்படி என்று சிரித்துக்கொண்டே விளக்கினார். இன்று கொடுத்தால் நாளை மலையாக வளருமாம். பால்வண்ணம் மற்ற இரண்டு கூட்டாளிகளையும் கூப்பிட்டான்.

"எருமை வளரும். இதுவும் வளரும். ஆனா இதுக்குப் புல்லு போட வேண்டாம்" என்றான்.

"சாணி?" என்று கேட்டான் சுடலைமணி.

"சாணியும் கிடையாது."

"அப்ப அடுப்புக்கு வரட்டி?"

இந்தக் குறை மூவரையும் வருத்தியது. ஆனாலும் காலம் மாறுகிறது, கொம்பையா கேஸ் அடுப்பு வாங்கிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்து, மூவரும் பங்காக வளர்த்த கிடாவை விற்றுக் கையில் பணத்தோடு பஜாரில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார்கள்.

அதை நடத்திய ரெஜினா அக்கா அசலூர்க்காரி. பொறுமைசாலி. "முழுக் காசு வாங்க இந்தக் கிடாப் பணம் பத்தாது தம்பி. ஒரு துணுக்குதான் கிடைக்கும்" என்றாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்தப் பக்கத்துத் துணுக்குக்கா?" என்றான் இசக்கிராஜ்.

"பக்கமா?"

"ஓரத்துல வெட்டித் தராதீங்க. கறி வாங்குனாக்கூட தொடைக்கறிதான் கேட்டு வாங்குவோம். நல்லாப் பாத்து நடுப்பாகமாத் தாங்க. கல்யாண வீட்டுக்குக் கொடுக்கது."

ரெஜினா அக்கா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள். பிறகு, "நடுப்பாகமே போட்டிருக்கேன்" என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் தட்டினாள். "வாலெட்ல விழுந்தாச்சு. சூடான வாலெட்ல இருந்தா எவனாவது திருடிருவான். கோல்டு, அதாவது குளிர்ந்த வாலெட்தான் பத்திரம்."

பால்வண்ணம் நேரே போய்த் தோல் பர்ஸ் ஒன்று வாங்கி, அதைப் பஜாரிலிருந்த ஐஸ்கிரீம் கடைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னான். கடைக்காரர் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லையே என்றார். "கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி. மேல குச்சி ஐஸை மட்டும் வச்சு நசுக்கிராதீங்க" என்றான் பால்வண்ணம். பர்ஸ் கருவாடு மாதிரி விறைத்தது. காசு நல்ல பத்திரமாக இருக்கிறது என்று தினமும் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் உண்மையான பாரம் பர்ஸில் இல்லை. ரெஜினா அக்கா அன்றே திரையில் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைக் காட்டியிருந்தாள்.

"இதுதான் சாவி. இந்த வார்த்தைகளை வரிசை மாறாமச் சொல்றவங்களுக்குத்தான் காசு. நானே பாக்க மாட்டேன்" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "யாருக்கும் தெரியக் கூடாது. மாப்பிள்ளை காதுல மட்டும் சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் நீங்க மறந்துரணும். அதான் மரியாதை."

ஒரே தலையில் பன்னிரண்டு வார்த்தை தங்காது என்று ஆளுக்கு நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். பால்வண்ணத்துக்கு முதல் நாலு. உப்பு, வெங்காயம், அரிசி, குடை என்று அர்த்தம் வரும் வார்த்தைகள்.

அங்கேதான் அவன் கஷ்டம் ஆரம்பித்தது. இங்கிலீஷில் சொன்னால்தான் தப்பா? தமிழில் சொன்னாலும் விவரம் தெரிந்தவன் கண்டுபிடித்துவிட மாட்டானா? அன்று மதியம் குழம்பில் உப்பு இல்லை. அவன் மனைவி பேச்சி, "எப்படி இருக்கு?" என்றாள்.

"ஒண்ணு குறையுது."

"என்னது?"

"சொல்ல முடியாது."

பேச்சி புளியைக் கரைத்து ஊற்றினாள். அவன் தலையை ஆட்டினான். மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். அதற்கும் தலையை ஆட்டினான். கடைசியில், "உங்கம்மா சமையலா இருந்தா இப்படிச் சொல்லுவீகளா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவன் அந்தக் குழம்பை அப்படியே தின்றான். சிநேகிதம் என்றால் சும்மாவா?

மளிகைக் கடைக்கு அனுப்பினால் அரிசியும் வெங்காயமும் இல்லாமல் திரும்பி வந்தான். கேட்டால் வாயை இறுக்கிக்கொண்டான். கல்யாணத்துக்கு முந்தின நாள் நல்ல மழை. குடை ஆணியில்தான் தொங்கியது. அதை எடுத்து விரித்தால் பார்க்கிறவன் ஒரு வார்த்தையைத் தெரிந்துகொள்வான் என்று நனைந்துகொண்டே நடந்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. புருஷனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பேச்சி விபூதி வாங்கி வந்து பூசினாள்.

முகூர்த்தம் முடிந்தது. தாலி ஏறியது. மூவரும் விறைத்த பர்ஸோடு மேடை ஏறினார்கள். பால்வண்ணம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் வீட்டுக்குப் போய் வாய்விட்டு உப்புக் கேட்கலாம்.

அப்போது இசக்கிராஜ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஏல, ஒரு சிக்கல். நாம மூணு பேரு. அவனுக்குக் காது ரெண்டுதான இருக்கு."

பால்வண்ணம் எண்ணிப் பார்த்தான். உண்மைதான்.

"நான் வலது காதுல சொல்லுதேன், நீ இடது காதுல சொல்லு. சுடலை எங்க சொல்லுவான்?"

"நடு நாலு வார்த்தைதானடே என்னோடது. நடுவுல மூக்கு இருக்குல்லா, அதுல சொல்லிருதேன்" என்றான் சுடலைமணி.

"மூக்குல சொன்னா தும்மல் வரும். தும்முனா வெளிய விழுந்துரும்."

இந்தப் பேச்சு நடக்கும்போதே நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போயின. மாப்பிள்ளை மாலை காதுவரை ஏறியிருந்தது. போட்டோக்காரர் வேறு, தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க என்று விரட்டினார். காதில் சொன்னால் எதுவும் கேட்காது என்று தெரிந்துபோயிற்று. மண்டபத்து மைக் செட் இசக்கிராஜுடையதுதான். அவனே மைக்கை எடுத்து நீட்டினான்.

பால்வண்ணம் தொண்டையைக் கனைத்தான். "அன்பார்ந்த சொந்தபந்தங்களே. மாப்பிள்ளைக்கு இப்ப ஒரு ரகசியம் சொல்லப்போறோம். யாரும் கேக்கக் கூடாது. தயவுசெஞ்சு எல்லாரும் காதைப் பொத்திக்கிடுங்க."

நெட்டூரணிக்காரர்களிடம் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. மண்டபமே காதைப் பொத்தியது. தவில்காரர் குச்சியை மடியில் வைத்துவிட்டுப் பொத்தினார். பந்தியில் இருந்தவர்கள் சாம்பார்க் கையோடு பொத்தினார்கள். பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையின் காதைப் பொத்த, அவர்கள் காதைப் பக்கத்தில் இருந்தவர் பொத்த, பக்கத்தில் இருந்தவர் காதை அவருக்கு அடுத்தவர் பொத்த, வரிசை வரிசையாக ஜனம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நின்றது. முன் வரிசையில் பெண்ணுக்குப் பெரியப்பா ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது கேட்காது. அதனால் பொத்தச் சொன்னதும் கேட்கவில்லை.

மூவரும் முறைப்படி ஆளுக்கு நாலாகப் பன்னிரண்டு வார்த்தைகளையும் உரக்கச் சொன்னார்கள். ஒலிபெருக்கி தெருமுனைவரை கேட்டது. கடைசி வார்த்தை முடிந்ததும் பால்வண்ணத்துக்குக் கண் கலங்கியது. தோளில் கிடந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கையைக் காட்டினான். எல்லோரும் காதை விட்டார்கள். கொம்பையாவும் தன் காதிலிருந்து கையை எடுத்தான்.

பிறகு மூவரும் மறக்க உட்கார்ந்தார்கள். அது நினைத்த அளவுக்கு லேசாக இல்லை.

"மறக்கணும்னா, எதை மறக்கணும்னு ஞாபகம் வச்சிருக்கணும்லா" என்றான் இசக்கிராஜ்.

"எனக்கு அந்தக் கஷ்டமே இல்ல. நான் மேடை ஏறும்போதே மறந்துட்டேன். மைக்குல வாயில வந்த நாலைச் சொன்னேன்" என்றான் சுடலைமணி. அவன் கெட்டிக்காரத்தனத்தை மற்ற இருவரும் பொறாமையோடு பார்த்தார்கள்.

பால்வண்ணம் ராப்பகலாக முயற்சி செய்தான். ஒருநாள் பேச்சி சோற்றைப் போட்டுவிட்டு, "உப்புப் போதுமா?" என்றாள். "போதும்" என்று தின்றுகொண்டே இருந்தான். கை கழுவும்போதுதான், தனக்கு ஒன்றும் பகீரென்று ஆகவில்லையே என்று உறைத்தது. மறந்தாயிற்று. உடனே இசக்கிராஜுக்குப் போன் போட்டான். அவனும் மறந்திருந்தான். மூவரும் சேர்ந்து டீ குடித்துக் கொண்டாடினார்கள்.

மறுவீடு முடிந்து வந்த கொம்பையா பர்ஸோடு கடைக்கு வந்தான். "மாப்ள, அந்த வார்த்தை என்ன?"

"மைக்குல சொன்னோமே."

"காதைப் பொத்தச் சொன்னியே. ஊரே பொத்தும்போது மாப்பிள்ளை நான் மட்டும் ஒட்டுக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

 கொம்பையா பேச்சில் பால்வண்ணத்தால் தப்பு எதுவும் சொல்ல முடியவில்லை. இருவரும் ரெஜினா அக்காவிடம் ஓடினார்கள். அவள் முழுதும் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"காசு அங்கதான் இருக்கு. ஆனா இனிமே உலகத்துல யாராலயும் எடுக்க முடியாது."

"திருடனாலயும் முடியாதா?" என்றான் கொம்பையா.

"யாராலயும்."

கொம்பையா பால்வண்ணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மாமனார் போட்ட மோதிரம் அடகுக்குப் போய்விட்டது, அத்தை கொடுத்த மிக்ஸி புகைந்துவிட்டது. இப்படி யாராலும் அசைக்க முடியாத பரிசை எவன் கொடுத்தான் என்று தழுதழுத்தான். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான்.

பால்வண்ணத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எருமை இப்போதும் கறக்கிறது. தான் கொடுத்தது எதுவும் கறக்கவில்லையே என்று தினமும் கடையைப் பூட்டிவிட்டுக் கொம்பையா வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வான். அப்படி இருந்த ஒரு மத்தியானம்தான் மாசானம் சுவரேறிக் குதித்தான். அந்த ஊர்த் திருடன் அவன். பகலில்தான் வருவான். இருட்டில் எது எங்கே இருக்கிறதென்று தெரியாது என்பான்.

"மரியாதையா அந்தக் காசை எடு" என்றான் கத்தியைக் காட்டி.

கொம்பையா எழுந்து நாற்காலியைப் போட்டான். "உக்காரு. நாங்களும் அதை எடுக்கத்தான் பாக்கோம். பன்னிரண்டு வார்த்தை வேணும். உனக்கு ஏதாவது தோணுதா?"

மாசானம் யோசித்தான். கத்தியால் முதுகைச் சொறிந்துகொண்டே, "பூனை" என்றான். பிறகு, "நாற்காலி" என்றான். கொம்பையா மனைவி செல்லக்கனி தோசை வார்த்துக் கொண்டுவந்தாள். தின்றபடியே இன்னும் பல வார்த்தைகள் சொன்னான். எதுவும் சரியா தப்பா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஆள் முயற்சி செய்கிறான் என்று பால்வண்ணத்துக்கு முதல்முறையாக நம்பிக்கை பிறந்தது. நாளைக்கும் வரச் சொன்னான்.

மாசானம் தினமும் வந்தான். காலையில் சுவரேறிக் குதிப்பான், சாயங்காலம் வரை வார்த்தை சொல்வான், சுவரேறிப் போவான். வேறு எங்கும் திருட நேரமில்லை, குடும்பம் கஷ்டப்படுகிறது என்றான். நியாயம்தானே என்று பால்வண்ணம் எருமைப் பாலை விற்று அவனுக்கு மாதச் சம்பளம் கொடுத்தான்.

பொங்கல் வந்தது. மாசானம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அண்ணாச்சி, மாமியார் வீட்டுக்குப் போகணும். லீவு வேணும்."

பால்வண்ணம் பதறிப்போனான். "நீ போயிட்டா இந்த வீட்டுல திருடனே இல்லாமக் கிடக்கும். அவ்வளவு பெரிய சொத்தைத் திருடன் இல்லாம எப்படி விட்டுட்டு இருக்கது? போறதுன்னா போ. பதிலுக்கு நம்பிக்கையான ஒரு திருடனைக் கொண்டாந்து விட்டுட்டுப் போ."

மாசானம் தனக்குத் தெரிந்த திருடர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். நம்பும்படி ஒருத்தனும் இல்லை. ஊருக்குப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, "கரும்பு" என்றான்.