செக்கேறி நாடு கடந்தவன்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது வழக்குப் போடுவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விட்ட ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். அவருடைய தேரோட்டி ஒருநாள் மூக்குமுட்டக் கள் குடித்துவிட்டு, தேரையும் ராஜாவையும் சேர்த்துப் பூசணித் தோட்டத்தில் கவிழ்த்தான். முதுகில் ஒட்டிய விதைகளோடு நடந்தே திரும்பிய ராஜா, குளிப்பதற்கு முன்பே சட்டம் போட்டார். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுபவன், பிடிபட்ட அதே வாகனத்தில் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும். எல்லை தாண்டும்வரை அவன் கால் இந்த மண்ணில் படக் கூடாது.

எதெல்லாம் வாகனம் என்று விளக்கம் எழுதியவர் பிரதானி காளத்தியார். ஒரு பிராணி இழுத்து, மேலே ஆள் உட்கார்ந்தோ நின்றோ நகர்ந்தால் அது வாகனம். சக்கரம் கட்டாயமில்லை. முதலில் மாட்டியவன், வயலைச் சமப்படுத்தும் பரம்புப் பலகைமேல் போதையோடு நின்ற ஓர் உழவன். பலகையோடேயே எல்லைக்குப் போனான். அந்தச் சாலையில் இன்றுவரை ஒரு மேடுபள்ளம் கிடையாது.

காளத்தியார் குறிவைத்தது உழவனை அல்ல, அரசவை விகடன் வேம்பனை. காளத்தியார் பேசினால் ராஜா கொட்டாவி விடுவார். வேம்பன் தும்மினாலே சிரிப்பார்.

ஊரைச் சிரிக்க வைத்த வேம்பனுக்குக் கதவைத் திறந்துவிட வீட்டில் ஆள் இல்லை. மனைவி இறந்தபின் அவன் பொழுது சாய்ந்ததும் கொஞ்சம் கள்ளைக் குடித்துவிட்டு, எண்ணெய் ஆட்டும் வாணியர் பொன்னப்பனின் செக்குக்குப் போய்விடுவான். செக்குப் பலகையில் பாரத்துக்கு வைக்கும் கல்லை இறக்கிவிட்டு அவன் உட்காருவான். மாடு சுற்றும். மாட்டுக்குக் கண்ணைக் கட்டியிருந்தது. வேம்பனுக்குக் கள் இருந்தது. இரண்டு பேருமே எங்கோ தூரமாய்ப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ள முடிந்தது.

ஒரு சாயங்காலம் காளத்தியாரின் காவலன் வந்து முகத்தில் ஊதச் சொன்னான். வேம்பன் ஊதினான். மறுநாள் சபையில், செக்கும் வாகனம்தான் என்று தீர்ப்பு வந்தது. தான் போட்ட சட்டத்தை ராஜாவால் திரும்ப விழுங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

வேம்பனை ஏற்றிப்போக வாசலில் ஒரு மாட்டுவண்டியைத் தயாராக நிறுத்தியிருந்தார் காளத்தியார். வேம்பன் ஏற மறுத்துவிட்டான்.

“பிடிபட்ட வாகனம் இதுவல்லவே, பிரதானி அவர்களே. என்னைச் சட்டத்தை மீறச் சொல்கிறீர்களா?”

கால் மண்ணில் படக் கூடாதென்பதால் காவலர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் செக்கில் உட்கார வைத்தார்கள். வேம்பன் தன் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாட்டைவிட்டுப் புறப்பட்டான். மாடு சுற்றியது.

ஊர் வழியனுப்ப வந்தது. ஒருத்தி கட்டுச்சோறு கொடுத்தாள். ஒரு கிழவர், போகிற இடத்தில் தண்ணீர் மாற்றிக் குடிக்காதே என்றார். ஒவ்வொரு சுற்றிலும் வேம்பன் எல்லோரிடமும் மறுபடி விடைபெற்றான். இத்தனை பேர் தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவனுக்கு நினைவு வரவில்லை. பொழுது சாய்ந்ததும் அவர்களும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“சாமி, மாடு அசந்துபோச்சு. எறங்குறீங்களா?” என்றார் பொன்னப்பன்.

“எல்லை வரட்டும்ப்பா.”

அப்போது ராஜா வந்தார், பின்னால் காளத்தியார். பகல் சாப்பாட்டின்போது பக்கத்தில் பேச ஆளில்லாமல், ராஜா மதுக் கிண்ணத்தோடு பேசியிருந்தார்.

“வேம்பா, இன்னும் போகவில்லையா?”

“போய்க்கொண்டேதான் இருக்கிறேன், மன்னா. பிரதானியார் கொடுத்த வாகனம் கொஞ்சம் மெதுவாகப் போகிறது. இது வாகனமே இல்லை என்றால் சொல்லட்டும், இறங்கிவிடுகிறேன்.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மன்னிப்பும் தந்தேன், பொற்கிழியும் தந்தேன், இறங்கி வீட்டுக்குப் போ என்றார்.

வேம்பன் மூட்டையைப் பார்த்தான். “வீட்டுக்கா, மன்னா? அதைவிட எல்லையே பக்கம்.”

ராஜாவின் சிரிப்பு நின்றது. அவர் வேம்பனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பலகையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாடு நகர்ந்தது.

வேம்பன் மெல்ல முகர்ந்து பார்த்தான்.

“மன்னா, தாங்கள் ஒருமுறை ஊதிக் காட்டினால் நல்லது.”

ராஜா ஊதினார். காளத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராஜாவுக்குச் சிரிப்பு திரும்பி வந்து, பலகையே குலுங்கியது. இனி அவரும் கீழே கால் வைக்க முடியாது. சட்டத்தை எடுத்தால்தான் உண்டு.

“இப்போதே எடுத்துவிடலாமே, பிரபு,” என்றார் காளத்தியார்.

“எடுக்கலாம்,” என்றார் ராஜா. “இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்.”

பாரம் கூடியதால் அன்றைக்கு எண்ணெய் நன்றாக இறங்கியது என்று பொன்னப்பன் பிற்பாடு சொன்னார்.