பெஞ்சின் ஓரம்

"அம்மா, இனி என்னால முடியாது."

மாசிலாமணி இதைச் சொன்னபோது தாயம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையும் இதையேதான் கேட்டார். அதற்கு முந்தினதும் இதேதான்.

குன்றடியில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்குத் தாயம்மைதான் குரு. சீடரான மாசிலாமணியைவிட அவர் இருபது வயதாவது இளையவர். மாசிலாமணிக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவருடைய குறைகளே வேறு.

பார்சல் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவுக்குத் தலைவர் அவர். பார்சல் வந்து சேராதவர், உடைந்து வந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு தராதவர், எல்லோரும் அங்கேதான் கத்துவார்கள். பிரிவில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கத்துகிறவர்கள் குறையவில்லை.

பிரஷருக்கு மாத்திரை. அது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுக்கு ஒரு மாத்திரை. தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல்லில் விரிசல் வேறு.

போன வாரம் நெஞ்சை அடைக்கிறது என்று போயிருக்கிறார். உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், தள்ளிப் போட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"லீவு கேட்டீங்களா?"

கேட்டாராம். ஜி.எம். ரொம்ப அன்பாகப் பேசினாராம். காபிகூட வரவழைத்தாராம். கடைசியில், இந்த மாதம் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்று தோளைத் தட்டினாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரி சார்னேன்."

தாயம்மை கீரைத்தண்டு ஒன்றைப் படக்கென்று ஒடித்தார்.

அட்ஜஸ்ட் என்ற அந்த வார்த்தையின் மேல் மாசிலாமணிக்கு அப்படி ஓர் ஆத்திரம். சாப்பாட்டு நேரத்தை அட்ஜஸ்ட் பண்ணியாயிற்று. தூக்கத்தை அட்ஜஸ்ட் பண்ணியாயிற்று. மகளுடைய நிச்சயதார்த்தத்தையே வேறு தேதிக்கு மாற்றியாயிற்று.

"மனுஷனை என்ன ரப்பர்னு நெனச்சுட்டாங்களாம்மா? ஏதாவது ஒரு வழி சொல்லுங்க."

எத்தனை வழிதான் சொல்வது? மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அதை இவர் ஆபீஸ் லிஃப்டில் செய்ய, கூட வந்தவர்கள் ஆஸ்துமா என்று பயந்து முதுகைத் தடவிவிட்டார்கள். தியானம் சொல்லிக் கொடுத்தார். கண்ணை மூடினால் மெயில் வந்திருக்குமோ என்ற நினைப்புத்தான் வருகிறதாம். குருவாகவே இருந்தாலும் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு.

அப்போது மாசிலாமணியின் போன் அடித்தது.

மடத்துக்குள் போன் பேசக் கூடாது என்று வாசலில் எழுதியே போட்டிருக்கிறது. மாசிலாமணி எடுத்தார்.

அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஜெனிட்டா. அவளுக்கு இது ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, பிரஷர் ஏறிப்போய்க் கிடக்கிறதாம். படுத்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நாளையிலிருந்து லீவு வேண்டும் என்று கேட்டாள். அவள் அழுதது தாயம்மையின் காது வரைக்கும் வந்தது.

மாசிலாமணி ரொம்ப அன்பாகப் பேசினார். முதலில் சாப்பிட்டாயா என்று விசாரித்தார்.

"புரியுதும்மா. ஆளே இல்லைன்னு உனக்குத் தெரியாததா? இந்த வாரம் மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

சரி சார் என்றாள் அவள்.

மாசிலாமணி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"எதுல விட்டேம்மா?"

தாயம்மை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானாக இருந்தால் கீரைக்கட்டாலேயே நாலு வைத்திருப்பேன். அவர் குரு. முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, மோர் குடிக்கலாம்."

சமையற்கட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடந்தது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். தாயம்மை மோர் டம்ளரோடு அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் மாசிலாமணி. உட்கார்ந்ததுமே ஜி.எம்.மைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்த சுடலைமுத்துவையும் அவர் மனைவியையும் தாயம்மை கூப்பிட்டார். இடம் இருக்கிறது, உட்காருங்கள் என்றார். அவர்கள் அந்தக் கோடியில் உட்கார்ந்தார்கள். மாசிலாமணி பேச்சை நிறுத்தாமல் இந்தப் பக்கம் நகர்ந்தார்.

கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியையும் கூப்பிட்டார். அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க என்று அங்கிருந்து குரல் வந்தது. மாசிலாமணி தள்ளிக்கொண்டார். மனுஷன் என்ன ரப்பரா என்று இரண்டாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாகச் சமையல்காரர் பலவேசத்தைக் கூப்பிட்டார். பலவேசம் நல்ல ஆகிருதி. தயங்கி நின்றவரை, பரவாயில்லை, உட்காருங்கள் என்றார். பலவேசம் உட்கார்ந்ததும் பெஞ்சு முனகியது. வரிசை முழுக்க நெருக்கிக்கொண்டு வந்தது.

மாசிலாமணி இடுப்பை ஓர் அசைப்பு அசைத்தார்.

"அம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

தாயம்மை தொப்பென்று கீழே விழுந்தார்.

டம்ளர் உருண்டது. புடவையெல்லாம் மோர். சிமெண்டுத் தரையில் உரசி முழங்கையில் ரத்தம் வந்துவிட்டது. எல்லோரும் பதறி எழுந்தார்கள்.

மாசிலாமணி குனிந்து கையை நீட்டினார். குருவையே தள்ளிவிட்டோமே என்ற பயம்.

"நான் தள்ளலைம்மா. அங்கேருந்து நெருக்கிக்கிட்டே வந்தாங்க. நடுவுல உக்காந்துகிட்டு நான் என்னம்மா செய்வேன்?"

தூக்கிவிட அவர் நீட்டிய கையைத் தாயம்மை பிடிக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து முழங்கையை ஊதிக்கொண்டிருந்தார்.

"உங்களைத் தள்ளினப்போ உங்க பக்கத்துல நான் இருந்தேன்."

"ஆமாம்மா."

"என் பக்கத்துல யாரு இருந்தா?"

மாசிலாமணி பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தார். அதற்கு அப்பால் வெறும் தரைதான் இருந்தது.



சற்றுப் பொறுத்து அவர் கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. பலவேசம் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினார். ஆனால் கை போனைத்தான் தேடியது.

"ஜெனிட்டா, நாளைக்கு வராதம்மா. டாக்டர் எப்போ எழுந்திரிக்கச் சொல்றாரோ அப்போ எழுந்திரிச்சாப் போதும். நானும் நாளைக்கு ஆஸ்பத்திரில சேரப் போறேன். ஜி.எம்.கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

அந்தப் பக்கம் ஜெனிட்டா பதறினாள்.

"அப்போ வேலை என்ன சார் ஆகும்?"

மாசிலாமணி தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"அது விழட்டும்மா."