தலைவர் கொடுத்த கெட்டி ஆயில்

கோயம்புத்தூர் கார் கிளப் தலைவர் தாமோதரசாமிக்குத் தன் காதுமேல் அபார நம்பிக்கை. அவருடைய ரேஸ் கார் நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸ் கடகடத்தது. அந்த ரகக் காருக்கு அது சகஜம். அவர் ஒப்பவில்லை.

"தண்ணி மாதிரி ஆயிலை ஊத்திக் கெடுத்துட்டே! இந்தக் கெட்டி ஆயிலை ஊத்து. சத்தம் நிக்கலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!" என்று மெக்கானிக் பிலோமினாவிடம் டின்னை நீட்டினார்.

ஊற்றினால் நாளைய ரேஸில் கியர் சட்டென்று விழாது. பிலோமினா காருக்கடியில் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். பிறகு சீட்டில் உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தாள். சத்தமே இல்லை.

"பாத்தீங்களா, என் ஆயிலை!" என்று தலைவர் சுற்றி நின்ற கிளப் மெம்பர்களைப் பார்த்து மார்தட்டினார்.

பிலோமினா கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். மறுபடியும் கடகட.

"கிளட்சை மிதிச்சிருந்தேனுங்க சார், மிதிச்சா கியர்பாக்ஸ் சுத்தாது, அவ்வளவுதான். டின்னை இன்னும் திறக்கவே இல்லீங்க. வேணும்னா காதுக்கு ரெண்டு சொட்டு விட்டுக்குங்க."