ஆவாரஞ்செடிக்கு வந்த விருந்தாளிகள்

மொட்டைக்காட்டுக் குளக்கரையில் மிருகங்கள் எல்லாம் கூடியிருந்தன. யார் முகத்திலும் சிரிப்பில்லை. அந்த வருடமும் இலந்தை காய்க்கவில்லை.

“பூ பூத்துச்சே! ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கலையே!” என்று அழுதது மான்.

“பூவைத் தேடி யாராவது வந்தாத்தானே பிஞ்சு பிடிக்கும்?” என்றார் காட்டுத் தலைவர் கரடியார். “தேனீயும் வர்றதில்லை, பட்டாம்பூச்சியும் வர்றதில்லை. இலந்தைப்பூ பொடிப்பூ. மேலே பறக்கிறவங்க கண்ணுல அது எப்படிப் படும்? நம்ம காட்டைத் தாண்டித் தாண்டிப் போயிடறாங்க.”

“அப்போ கண்ணுல படற மாதிரி ஏதாவது நடுவோம்!” என்றான் சடையன் என்ற குரங்கு. “மலையடிவாரத்துல ஆவாரை மஞ்சள் மஞ்சளாப் பூத்துக் கிடக்கு. விதையை நான் கொண்டு வரேன்!”

ஊர் கூடினால் தேர் நகராதா? குரங்குகள் ஆவாரங்காய்களைப் பறித்து வந்தன. முள்ளம்பன்றி குழி பறித்தது. குளத்திலிருந்து ஒரு சிறு வாய்க்காலையும் வெட்டிவிட்டது. மான்கள் குளம்பால் மண்ணைத் தள்ளி மூடின. குடும்பத்துக்கு ஒரு பாத்தி என்று கரடியார் பிரித்துக் கொடுத்தார். அவரவர் பாத்தியை அவரவர் காக்க வேண்டும் என்பது கட்டளை.

கடைசிப் பாத்தி வேலாயி என்ற முயலுக்கு. அவளுக்குக் குடும்பம் என்று யாரும் இல்லை. முந்தின கோடையில் அவளுடைய குட்டிகளைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவள் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்தப் பாத்தியை விட்டு அவள் நகரவும் இல்லை. தளிரைப் பார்த்தால் முயலுக்கு நாக்கு ஊறாதா? ஊறியது. இருந்தும் வேலாயி ஒரு இலையைக்கூடக் கடிக்கவில்லை.

மழை பெய்தது. ஆவாரை பூத்தது. குளக்கரை முழுவதும் மஞ்சளாகிவிட்டது.

ஒரு நாள் காலையில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வந்து இறங்கின. மொட்டைக்காடே துள்ளிக் குதித்தது. மான்கள் ஓடி வந்து வரவேற்றன. கரடியார் இரண்டு கைகளையும் கூப்பி, “வாங்க, வாங்க! உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க!” என்றார்.

வந்தவர்களில் ஒருத்தி வேலாயியின் செடியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா, இந்தச் செடியில ஒரு கடிகூட இல்லையே! இவ்வளவு பத்திரமா வளர்த்திருக்கீங்களே!” என்றாள்.

“எனக்கு வேற யாரும்மா இருக்கா வளர்க்க?” என்றாள் வேலாயி.

பட்டாம்பூச்சி சற்று யோசித்தாள். “அப்படின்னா என் முட்டைகளை உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டுமா? பூ இருக்கற இடமெல்லாம் நாங்க சுத்தணும். இலந்தைப் பக்கமும் போகணும். திரும்பி வந்து பார்த்துக்கறேன். பிள்ளைங்க கொஞ்சம் பசி தாங்காதவங்க, பொறுத்துக்கோங்க.”

வேலாயியின் கண்கள் நிறைந்துவிட்டன. “இந்தச் செடியே அவங்களுக்குத்தான்! என் உயிரைக் கொடுத்தாவது காப்பாத்தறேன்!” என்றாள்.

குருணை அரிசி போன்ற முட்டைகளைப் பட்டாம்பூச்சி இலைக்கு ஒன்றாக வைத்துவிட்டுப் பறந்தாள். மற்ற பாத்திகளிலும் மற்ற பட்டாம்பூச்சிகள் அப்படியே வைத்துவிட்டுப் போயின. ஆனால் பாத்திக்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலாயி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். பருந்தின் நிழல் விழுந்தால் எழுந்து நின்றாள். எறும்பு ஏறினால் ஊதித் தள்ளினாள். மஞ்சள் சிறகோடு குட்டிக் குட்டியாகப் பறக்கப்போகிற பிள்ளைகளை நினைத்து அவளுக்குத் தூக்கமே வரவில்லை. தன் குட்டிகளே திரும்பி வரப்போவது போல இருந்தது அவளுக்கு. பாவம், பட்டாம்பூச்சிப் பிள்ளை எப்படி இருக்கும் என்று அவள் கண்டாளா?

ஒரு நாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். முட்டைகளைக் காணோம்! இருந்த இடத்தில் பச்சைப் புழுக்கள் நெளிந்தன. ஒரு புழு கடைசி முட்டைத்தோட்டை மென்றுகொண்டிருந்தது.

“ஐயோ! பிள்ளைங்களைத் தின்னுடுச்சே!” என்று அலறினாள் வேலாயி.

அதே நேரத்தில் எல்லாப் பாத்திகளிலும் கூச்சல் எழுந்தது. “என் செடியிலயும் புழு! இலையெல்லாம் ஓட்டை!” என்று மான் கத்தியது. கரடியார் அவசரமாகக் கூட்டம் போட்டார்.

“விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்வாங்க. இந்தப் புழுங்களை விட்டா மூணு நாள்ல செடியே இருக்காது!” என்றான் சடையன். “நசுக்கித் தள்ளுவோம்!”

குளத்திலிருந்து ஒரு தவளை தலையை நீட்டியது. “பதறாதீங்க! இது என்ன புழுன்னு அந்தப் பட்டாம்பூச்சிங்களையே ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமே! இலந்தைப் பக்கம்தானே இருக்காங்க?”

“நல்ல யோசனை சொன்னே போ!” என்று சீறினார் கரடியார். “நாம போட்ட சோத்துல புழு இருக்குன்னு விருந்தாளிகிட்டயே போய்ச் சொல்றதா? மானம் போயிடாதா? அவங்க திரும்பி வர்றதுக்குள்ள சுத்தமா இருக்கணும். ஒரு புழுகூட மிஞ்சக் கூடாது!”

மானத்துக்குப் பயந்து மதியை விட்டார்கள். தவளையின் பேச்சு குளத்தோடு போயிற்று.

எல்லோரும் அவரவர் பாத்தியில் இறங்கினார்கள். எல்லோரையும் விட ஆவேசமாக இறங்கியவள் வேலாயிதான். ஒவ்வொரு இலையாகத் திருப்பினாள். “என்னை நம்பி விட்டுட்டுப் போன பிள்ளைங்கடா! அவங்களையா தின்னீங்க?” என்று அழுதுகொண்டே நசுக்கினாள். ஒன்றையும் விடவில்லை.

சில நாட்களில் பட்டாம்பூச்சிகள் திரும்பி வந்தன. கரடியார் முன்னால் போய், “பாருங்க, ஒரு தூசி தும்பு இல்லாம வச்சிருக்கோம்!” என்றார். பட்டாம்பூச்சிகள் இலைகளுக்கு அடியில் தேடத் தொடங்கின. அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

வேலாயியின் செடிக்கு வந்தவள், “அக்கா, என் பிள்ளைங்க எங்கே?” என்று கேட்டாள்.

வேலாயி தலைகுனிந்தாள். “என்னை மன்னிச்சுடும்மா. நான் தண்ணி குடிக்கப் போன நேரத்துல புழுங்க வந்து முட்டையைத் தின்னுடுச்சு. ஆனா ஒண்ணையும் நான் உயிரோட விடலை. எல்லாத்தையும் கொன்னுட்டேன்!”

“அந்தப் புழுங்க எப்படி இருந்துச்சு அக்கா?”

“பச்சையா இருந்துச்சு. நூல் மாதிரி பொடிசு. எந்நேரமும் தின்னுக்கிட்டே...”

பட்டாம்பூச்சி இலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நானும் அப்படித்தான் அக்கா இருந்தேன்,” என்றாள். “பிறந்தப்ப எனக்கும் சிறகு இல்லை. பச்சையாத்தான் இருந்தேன். தின்னு தின்னு வளர்ந்துதான் சிறகு முளைச்சுது. அவங்கதான் என் பிள்ளைங்க. பிறந்ததும் அவங்க முதல்ல தின்னது தங்களோட முட்டைத்தோட்டைத்தான்.”

வேலாயிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் தன் முன்னங்கால்களைத் தூக்கிப் பார்த்தாள். பச்சைக் கறை இன்னும் போகவில்லை. அப்போது அவள் போட்ட ஓலம் குளக்கரை முழுவதும் கேட்டது.

கரடியார் ஓடி வந்து பட்டாம்பூச்சிகள் முன்னால் மண்டியிட்டார். “எங்களுக்குத் தெரியாது தாயி! போயிடாதீங்க! இன்னும் எவ்வளவு பூ இருக்கு பாருங்க!”

“பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு ஐயா,” என்றாள் அந்தத் தாய். “பிள்ளை செத்த இடத்துல எங்களுக்குத் தேன் இறங்காது.”

அவள் யாரையும் திட்டவில்லை, சபிக்கவில்லை. கூட்டம் எழும்பி, குளத்தை ஒரு முறை சுற்றி, மேற்கே பறந்து மறைந்தது. அடுத்த மழைக்கும் அவை வரவில்லை. மொட்டைக்காட்டில் பிறந்து, மொட்டைக்காட்டைத் தேடி வர ஒரு பட்டாம்பூச்சியும் மிஞ்சியிருக்கவில்லையே! ஆவாரை மட்டும் பூத்துப் பூத்து உதிர்ந்தது. இலந்தையில் மறுபடியும் ஒரு பிஞ்சும் பிடிக்கவில்லை.

வேலாயி மட்டும் தினமும் எல்லாப் பாத்திகளுக்கும் போனாள். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். “ஒண்ணாவது இருக்குமா? ஒரே ஒண்ணு?” என்று முணுமுணுப்பாள். சடையன்கூட அவளைக் கேலி செய்யவில்லை. அவள் வரும்போது அவன் மரத்தின் மறுபக்கம் போய்விடுவான்.

தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டு, கோபத்தில் கையை ஓங்குகிறவர்கள், தாங்கள் காக்க நினைத்ததைத் தாங்களே அழித்துவிடுவார்கள்.