காதிலிருந்து ஒரு சொட்டு

டாக்டர் நாச்சியாரின் பையில் கத்தி கிடையாது.

கண்ணாடித் தகடுகள், பஞ்சு, ஊசி, ஸ்பிரிட், கையுறை, நாலைந்து சின்னக் குப்பிகள், ஒரு தீப்பெட்டி, பசிக்குக் கொஞ்சம் கடலை மிட்டாய். அவ்வளவுதான். காட்டில் செத்துக் கிடக்கும் விலங்கு எதனால் செத்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதைச் செய்கிறவரின் பையில் கத்தி இல்லாதது சற்குணத்துக்கு முதல் நாளே உறுத்தியது.

சற்குணமும் டாக்டர்தான். இருபத்தெட்டு வருடம் அரசு கால்நடை மருத்துவமனையில் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, காட்டு விலங்குகளின் நோயைப் படிக்க இந்த மலையடிவார முகாமுக்கு வந்தவர். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. நாச்சியாருக்கு நாற்பத்து மூன்று. தன்னைவிடச் சின்னவரிடம் மாணவனாகச் சேர அவர் வெட்கப்படவில்லை. அந்தப் பணிவு நிஜமானதுதான். ஆனால் கத்தியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. கொல்லரிடம் சொல்லி அடித்த அதை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்திருந்தார்.

"மேடம், உங்க பையில ஏன் கத்தி இல்ல?"

"வாங்கணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன் டாக்டர்."

பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரமே நாச்சியார் அவரை மொட்டைச் சரிவுக்கு அழைத்துப் போனார். இரண்டு கட்டில் போடும் அளவு நிலம். அதைச் சுற்றிக் கற்கள், கற்களின் மேல் காய்ந்த முள். யானை மிதித்து வேலி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இருவரும் இலந்தை முள் வெட்டி வந்து நாள் முழுக்க அதைச் சரிசெய்தார்கள்.

"இதுக்குள்ள ஏதாவது புல்லு ஆராய்ச்சி நடக்குதா மேடம்?"

"இல்ல. எதுவும் மேயக்கூடாது, அவ்வளவுதான்."

படிக்க வந்தவனை வேலி கட்ட விட்டார்களே என்று சற்குணம் அன்றைக்கு உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

சற்குணம் கெட்டிக்காரர். கெட்டிக்காரர்களுக்கென்று தனியாக ஒரு வியாதி உண்டு. மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருமுறை "தெரியாது" என்று சொல்லிவிட்டால், மாட்டுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பக்கத்து ஊர் மந்திரவாதியிடம் போய்விடுவார். அதனாலேயே சற்குணம் அந்த வார்த்தையைப் பழகவில்லை. பாதி தெரிந்தாலும் முழுதாகச் சொல்லிவிடுவார், பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும்.

சித்திரைக் கடைசியில் உப்பூத்தில் ஒரு காட்டுமாடு செத்துக் கிடப்பதாகத் தகவல் வந்தது. நாச்சியார் அன்று கூட்டத்துக்காக நகரத்துக்குப் போயிருந்தார். சற்குணம் போனில் விஷயத்தைச் சொன்னதும் நாச்சியார் சொன்னார்.

"நீங்க போங்க டாக்டர். காதுலேர்ந்து ஒரு சொட்டு ரத்தம் எடுங்க. முகாமுக்குக் கொண்டுவந்து மைக்ராஸ்கோப்ல பாருங்க. பாக்கறதுக்கு முன்னாடி வேற எதுவும் வேண்டாம். நான் சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்."

"சரி மேடம்."

உப்பூத்து என்பது மலை மடிப்பில் ஒரு சின்ன ஊற்றும் அதைச் சுற்றிய புல்வெளியும். கோடையிலும் பச்சை காயாத இடம் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். கீழே உள்ள குடியிருப்பிலிருந்து மாதி என்கிற பெண் தன் பதினான்கு மாடுகளை அங்கேதான் மேய்ப்பாள். தகவல் சொல்லி அனுப்பியவளும் அவள்தான். சற்குணம் போய்ச் சேர்ந்தபோது மாடுகளைத் தூரத்தில் நிறுத்திவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள்.

பெரிய காளை. வாயில் பச்சை நுரை. மூக்கிலோ பின்புறத்திலோ ரத்தம் இல்லை. இருநூறு அடி தள்ளி ஒரு தோட்டத்தின் வேலி ஓடியது. பதினைந்து நாள் முன்பு அதே வேலியோரம் பலாச்சுளையில் விஷம் வைத்து ஒரு காட்டுப்பன்றியைக் கொன்றிருந்தார்கள். சற்குணத்துக்கு அப்போதே ரத்தம் கொதித்தது. இப்போது நுரையைப் பார்த்ததும் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்.

ஆனாலும் சொன்னதைச் செய்தார். காது நரம்பில் ஊசி குத்தி, ஒரு சொட்டைத் தகட்டில் தடவிக் காய வைத்தார். முகாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும்.

மாதி பாறையிலிருந்து இறங்கி வந்தாள்.

"எதுல செத்துச்சுங்க சார்?"

அவர் தகட்டைக் குப்பிக்குள் வைத்தார்.

"வெசமா, சீக்கா? தெரிஞ்சாத்தானுங்க மாட்டை இங்க விடலாமா வேண்டாமான்னு பாக்கலாம். விடியறதுக்கு முன்னாடியே ஓட்டியாந்தேன். தண்ணிகூட காட்டல."

மாடுகள் ஊற்றைப் பார்த்துக் கத்தின. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் இரண்டு மணி நேரம் போனால் வயிறு அழுகிவிடும், விஷம் வைத்தவன் தப்பித்துவிடுவான் என்று சற்குணம் நினைத்தார். அப்படித்தான் பிறகும் சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்தப் பெண் கேள்வி கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"இரும்மா. இதோ வெட்டிப் பாத்துச் சொல்லிடறேன்."

கையுறையை இறுக்கிக்கொண்டு எண்ணெய்த் துணியைப் பிரித்தார். மார்பெலும்பின் அடியிலிருந்து ஒரே கோடு. நல்ல கை அவருக்கு.

ரத்தம் உறையவில்லை. தண்ணீராக ஓடிப் புல்லுக்குள் இறங்கியது. மண்ணீரலைத் தொட்டார். மூன்று மடங்கு பெருத்து, கருப்பட்டிப் பாகு போலக் கையில் கரைந்தது.

கத்தி நின்றது.

அடைப்பான். ஆந்த்ராக்ஸ் என்று படித்தவர்கள் சொல்வது. உடம்புக்குள் இருக்கும்வரை அந்தக் கிருமியால் அதிகம் ஆகாது. உடல் அழுகும்போது அதுவும் சேர்ந்து செத்துப்போகும். திறந்து காற்றுப் பட்டால்தான் கெட்டிப்பட்ட வித்தாகும். வித்தாகிவிட்டால் மண்ணில் கிடக்கும், வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. மேய வரும் மாட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். ஆகவே அடைப்பான் இல்லை என்று தெரியாமல் எந்த உடலையும் வெட்டக்கூடாது. இதை அந்த மாவட்டத்தில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவரே சற்குணம்தான்.

"என்னங்க சார்?" என்றாள் மாதி.

"மாட்டை ஓட்டிக்கிட்டுக் கீழ போயிடும்மா. உடனே போ."

மாலையில் நாச்சியார் வந்தார். திறந்து கிடந்ததைப் பார்த்தார். சற்குணம் திட்டுக்காகக் காத்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாச்சியார் விறகுக்கும் சுண்ணாம்புக்கும் ஆள் அனுப்பினார். சற்குணத்தின் கையில் மாத்திரைப் பட்டையைக் கொடுத்து, எத்தனை நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொன்னார். தீ எரிந்தபோது கத்தியைப் பார்த்தார். சற்குணம் அதைத் தீயில் போட்டார்.

எரித்தார்கள், ரத்தம் இறங்கிய மண்ணைத் தோண்டி எரித்தார்கள், சுண்ணாம்பு கொட்டினார்கள். எல்லா மண்ணையும் தோண்ட முடியாது. மூன்றாம் நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. உப்பூத்துத் தண்ணீர் சரிவில் இறங்கிக் கீழ்ப் புல்வெளிக்குப் போனது.

ஒன்பதாம் நாள் மாதியின் செவலைப் பசு நின்ற இடத்திலேயே விழுந்து செத்தது. மறுநாள் இன்னொன்று. தடுப்பூசி வந்து சேர்ந்தது பன்னிரண்டாம் நாள். மிச்சமிருந்த பன்னிரண்டு மாடுகளுக்கும் சற்குணமே ஊசி போட்டார். கை நடுங்கவில்லை. அது நடுங்காதது அவருக்கே கேவலமாக இருந்தது.

மாதி கடைசி மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"உப்பூத்துல இனி எப்பங்க சார் மேய்க்கலாம்?"

சற்குணம் ஊசியைத் துடைத்தார்.

"மேடத்தைக் கேட்டுச் சொல்றேம்மா."

"வேற புல்லு கெடையாதுங்க. அதுக்குத்தான் கேக்கறேன்."

அன்று அவர் ராஜினாமாக் கடிதம் எழுதி நாச்சியாரின் மேஜையில் வைத்தார். மறுநாள் காலை நாச்சியார் இரண்டு அரிவாள்களுடன் வாசலில் நின்றார்.

"மொட்டைச் சரிவுல திரும்ப யானை மிதிச்சிருக்கு. வாங்க டாக்டர்."

இருவரும் முள் வெட்டினார்கள். பாதி வேலி எழும்பியபோது சற்குணத்தின் கை நின்றுவிட்டது. இரண்டு கட்டில் அளவு நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம். இங்க செத்துக் கெடந்தத யாரு வெட்டினது?"

"நான்தான்."

"எப்போ?"

"வேலைக்குச் சேர்ந்த வருஷம். ஒரு பெண் யானை. எங்க புரொபசர் மறுநாள் வர்றதா இருந்தார். அதுக்குள்ள கண்டுபிடிச்சு வச்சா பெருமையா இருக்கும்னு பாத்தேன்."

நாச்சியார் அடுத்த முள்ளை எடுத்துக் கற்களின் மேல் அடுக்கினார்.

"இந்தச் சரிவுல மட்டும் இதுவரைக்கும் இருபத்து மூணு மாடு. மான் எத்தனைன்னு சரியாத் தெரியல. ஒரு மனுஷன். செத்த மாட்ட உரிச்சவர். நஞ்சன்னு பேரு. வருஷா வருஷம் வேலி கட்டிட்டு அவர் வீட்டுக்குப் போவேன்."

"போய் என்ன சொல்வீங்க?"

"இந்த வருஷமும் கட்டிட்டேன்னு சொல்வேன். அவர் சம்சாரம் சரின்னு சொல்வாங்க. சில வருஷம் அதுவும் சொல்ல மாட்டாங்க."

"உங்க கத்தி?"

"யானையோட போச்சு. வேற வாங்கணும்னுதான் இருந்தேன். அடுத்த வருஷம் மழைக்கு முன்னாடி இங்க வந்து முள்ளு வெட்டினேன். அதுக்கப்புறம் கடைக்குப் போகத் தோணல."

சற்குணத்துக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"இத நான் கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்."

"எத?"

"தெரியாம வெட்டக்கூடாதுங்கறத."

"அது உங்களுக்குத் தெரியாதா டாக்டர்?"

சற்குணம் முள்ளைக் கீழே வைத்தார். விரலில் குத்தியிருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"தெரியும். நானே வகுப்பு எடுத்திருக்கேன்."

நாச்சியார் ஒரு கல்லைப் புரட்டி முள்ளின்மேல் வைத்து அழுத்தினார்.

"என் லெட்டரைப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன். நல்லா எழுதியிருக்கீங்க. உப்பூத்துக்கு வேலி யார் கட்டறதுன்னுதான் அதுல காணோம்."

வேலை முடிய மதியம் ஆயிற்று. நாச்சியார் கடலை மிட்டாயை உடைத்துப் பாதியைக் கொடுத்தார். சற்குணம் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். கீழே, மரங்களுக்கு நடுவே, மாதியின் குடியிருப்புக் கூரைகள் தெரிந்தன. மாடுகள் மேயாமல் கட்டிக் கிடந்தன. அவற்றின் சத்தம் மேலேவரை கேட்டது.

"அந்தம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க மேடம். எப்ப மேய்க்கலாம்னு. நான் போய் என்ன சொல்றது?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

சற்குணம் யோசித்தார். பத்து வருடம் என்று வாய்வரை வந்தது. ஐம்பது என்றும் வந்தது. இரண்டையும் விழுங்கினார். பழகாத வார்த்தை, வெளியே வரச் சிரமப்பட்டது.

"தெரியாது மேடம்."

நாச்சியார் அரிவாளைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"இந்தத் தடவையாவது அதச் சொல்லிடுங்க."